வீடு யார் பேரில்

மருதாயியிடம் வீட்டைக் காட்டி, இது யார் பேரில் இருக்கிறது என்று யார் கேட்டாலும், கேட்டவர் வாயை மூடுவதற்குள் "என் பேர்லதாங்க" என்று சொல்லிவிடுவாள். கேட்பவர் வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்தவரா, கேஸ் சிலிண்டர்காரரா, போலீஸா என்றெல்லாம் பார்க்க மாட்டாள். ஓவேலிப் பக்கத்து எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்த யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதே பதில்தான் வரும்.

லயம் என்றால் தொழிலாளர்களுக்கு ஒட்டிக் கட்டிய வரிசை வீடு. ஒரு காம்பிராவில், அதாவது ஓர் அறையில், ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்தில் யாராவது ஒருவர் பேர் செக்ரோல் என்கிற எஸ்டேட் கூலிப் பதிவேட்டில் இருக்கும் வரைக்கும்தான் காம்பிரா அவர்களுடையது. பேர் கொடுத்தவர் ரிட்டயர் ஆனாலோ செத்துப்போனாலோ, அடுத்த ஆள் உடனே பேர் கொடுத்தாக வேண்டும். கொஞ்சம் அசந்தால் ஆபீஸ் ஆள் வந்து பூட்டுப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அதனால் வாசலில் வந்து நின்று யார் பேர்ல என்று கேட்டால் யோசிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போதே சொல்லி வைப்பார்கள். யோசிக்கிற வீட்டில் பேர் இல்லை என்று அர்த்தம்.

மருதாயியின் அப்பா செல்லையா இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா பிறந்ததும் அங்கேதான். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி, நீங்களெல்லாம் உங்கள் சொந்த ஊருக்குப் போங்கள் என்று கப்பலேற்றி அனுப்பின. சொந்த ஊர் என்பதைச் செல்லையா மண்டபம் முகாமில் இறங்கித்தான் முதன்முதலாகப் பார்த்தார். அங்கிருந்து நீலகிரிக்கு அனுப்பினார்கள். ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து எடுத்து இன்னொரு தேயிலைத் தோட்டத்தில் வைத்தார்கள், நடுவில் கடல் இருந்தது, அவ்வளவுதான் என்பார்.

அவருக்கு இளைப்பு வந்து படுத்தபோது மருதாயி பேர் கொடுத்தாள். பல வருஷம் கொழுந்து எடுத்தாள். காளிமுத்து என்ற லோடுமேனைக் கட்டிக்கொண்டாள். அவன் சுமை இறக்கப் போன ஊரில் இன்னொரு குடும்பத்தையும் இறக்கி வைத்துவிட்டு, பிறகு அங்கேயே இருந்துவிட்டான். அதற்குள் தம்பி பாண்டியனுக்குக் கல்யாணம் ஆயிற்று. புருஷன் இல்லாத பொம்பளை பேரில் வீடு எதற்கு, தம்பி பேருக்கு மாற்றிக் கொடு என்று சொந்தபந்தமெல்லாம் கூடிச் சொன்னது. மாற்றிக் கொடுத்தாள். மறுநாளிலிருந்து அந்தக் காம்பிராவில் அவள் விருந்தாளி. விருந்தாளி தட்டில் குழம்பு எப்போது குறைய ஆரம்பிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

திருப்பூருக்குப் போனாள். பனியன் கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் சில வருஷம் உட்கார்ந்தாள். முதுகு போனதும் மலைக்குத் திரும்பி, குன்னூரில் காட்டேஜ்களைச் சுத்தம் செய்கிற வேலையில் சேர்ந்தாள். தங்க வந்த ஆண்களில் சிலர் வேறொன்று கேட்டார்கள். கூட்டித் துடைத்தால் கிடைப்பதையும் இதில் கிடைப்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தன் முதுகையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். ஒரு வாரம் யோசித்துவிட்டு முடிவு செய்தாள். யாரும் அவளை ஏமாற்றி அழைத்து வரவில்லை, யாரும் விற்கவில்லை, குன்னூர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்ததும் அவள்தான். இதைப் பிற்பாடு போலீஸ் ஸ்டேஷனில் சொன்னபோது வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தவர் அந்த இடத்தில் மட்டும் பேனாவை உதறிப் பார்த்தார். மை வரவில்லை போலிருக்கிறது.

அரவேணுவில் சின்னராஜ் என்ற சின்ன விவசாயியின் வீட்டைத் தன் பேரில் வாடகைக்குப் பிடித்தாள். காட்டேஜில் சமையல் வேலை என்று ஊரில் சொல்லிக்கொண்டாள். சீசனில் அது பாதி உண்மையும்கூட. அங்கேதான் ரேகா வந்து சேர்ந்தாள்.

ரேகா ஜார்க்கண்டுக்காரி. புருஷன் சுரேஷோடு கான்ட்ராக்டர் மூலமாகத் தேவாலா பக்கத்து எஸ்டேட்டுக்குக் கொழுந்து எடுக்க வந்தவள். சுரேஷ் குடித்தால் அடிப்பான். குடிக்காத நாளில், நேற்று ஏன் அடிக்க வைத்தாய் என்று அடிப்பான். ஒரு தடவை முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்து, கட்டுப் போடப் போகவிடாமல் வைத்திருந்ததில் அவள் இடது கை வளைந்தே கூடிவிட்டது. அந்தக் கையோடு ஒருநாள் கூடலூர் பஸ்ஸில் ஏறியவள், ஊர் ஊராக இறங்கி, அரவேணுவில் ஒரு டீ ஃபாக்டரியில் வேலைக்குச் சேர்ந்தாள். வளைந்த கையால் மூட்டை பிடிக்க முடியவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். மளிகைக் கடையில் பழக்கமாகியிருந்த மருதாயியின் வீட்டுக்கு வந்தாள். மருதாயி தன் வேலை என்ன என்பதை மறைக்காமல் சொல்லி, நீ சும்மாவே இருந்துகொள், சோறு போடுகிறேன் என்றாள். கொஞ்ச நாள் அப்படியும் இருந்து பார்த்தாள் ரேகா. பிறகு, நானும் யோசித்துவிட்டேன் அக்கா என்றாள்.

தமிழை மருதாயியிடம்தான் கற்றாள். அதனால் வடக்கத்திப் பெண் வாயிலிருந்து லயத்துத் தமிழ் வரும். தேங்காய்ப்பூ போட்டு ரொட்டி தட்டவும், தேங்காயும் மிளகாயும் வைத்துச் சம்பல் இடிக்கவும் கற்றுக்கொண்டாள். வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஒருத்தியிடம் ஆள் வந்திருந்தால் மற்றவள் அடுப்படியில் இருக்க வேண்டும். சத்தம் கேட்டால் தோசைக்கரண்டியோடு வருவாள். அந்தக் கரண்டிக்குப் பயந்துதான் வருகிறவர்கள் மரியாதையாக இருந்தார்கள்.

அரசாங்கத்தின் சட்டம் வேறு மாதிரி. இந்தத் தொழில் செய்கிற பெண் தனியாக இருந்தால் அது வீடு. இரண்டு பேர் சேர்ந்து இருந்து இரண்டு பேரும் பிழைத்தால் அது விபசார விடுதி. தனியாக இருந்தால் ஆபத்து என்று சேர்ந்து இருந்தவர்களுக்கு, சேர்ந்து இருப்பதுதான் குற்றம் என்று யாரும் சொல்லவில்லை.

மலர்க் கண்காட்சி முடிந்த சமயம், ஒரு மத்தியானம், கீழே சமவெளியிலிருந்து ஒரு மீட்பு அமைப்பு மலையேறி வந்தது. போலீஸையும் கூட்டி வந்தது. அமைப்பின் சார்பாக வந்தவர் வினோத் என்ற இளைஞர். குளிருக்குப் போட்டிருந்த ஜாக்கெட்டின் முதுகில் 'விடுதலை' என்று அச்சடித்திருந்தது. கெட்டவர் இல்லை. உண்மையிலேயே யாரையாவது காப்பாற்ற வேண்டும் என்று வந்தவர்தான், அதுதான் சிக்கல்.

வந்த பெண் இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று முதலில் கேட்டது ஒரே கேள்வி.

"வீடு யார் பேர்ல?"

"என் பேர்லதாங்க" என்றாள் மருதாயி.

பூட்டுப் போட வந்தவர்களிடம் சொல்ல வேண்டிய பதிலைச் சொல்லிவிட்ட நிம்மதி அவள் முகத்தில் இருந்தது. இனி ரேகாவை யாரும் வெளியே போகச் சொல்ல முடியாது. இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். அந்த ஒரு வரியில் மருதாயி விடுதி நடத்தும் குற்றவாளி ஆனாள், ரேகா கடத்திவரப்பட்டுச் சுரண்டப்பட்ட அபலை ஆனாள். யார் யாருக்கு ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அலமாரியிலிருந்து ஆணுறைப் பெட்டியைச் சாட்சியமாக எடுத்தார்கள். சுகாதாரத் துறையின் திட்டத்தில் ஒரு அம்மா மாதாமாதம் வீடு தேடி வந்து கொடுத்துவிட்டுப் போகிற பெட்டி அது. சுகாதாரத் துறை கொடுத்ததைக் காவல் துறை எடுத்துக்கொண்டது. அரசாங்கச் சொத்து அரசாங்கத்திடமே போய்ச் சேர்ந்தது.

வினோத் ரேகாவிடம், பயப்படாதீர்கள், இனி நீங்கள் சுதந்திரமாக இருக்கலாம் என்றார். கம்பி வலை போட்ட வேனில் ஏறச் சொன்னார். அடுப்பை அணைத்துவிட்டு வரட்டுமா என்று ரேகா கேட்டாள். வேண்டாம், நேரமாகிறது என்றார்கள். ரொட்டி கருகுகிற வாசனை வேன் கதவைச் சாத்தும்வரைக்கும் வந்துகொண்டிருந்தது.

குற்றவாளியை ஜெயிலுக்கும் அபலையைக் காப்பகத்துக்கும் கொண்டு போனார்கள். இரண்டுக்கும் பெரிய கதவு, இரண்டுக்கும் வெளியே பூட்டு. வித்தியாசம் என்னவென்றால் ஜெயிலுக்கு ஜாமீன் உண்டு. கீர்த்தனா என்ற இலவச சட்ட உதவி வக்கீல் மனுப் போட்டதும் மருதாயி சீக்கிரமே வெளியே வந்துவிட்டாள். ரேகாவையும் இப்படியே எடுத்துவிடுங்கள் என்றாள்.

கீர்த்தனா விளக்கினார். ரேகா மேல் குற்றம் எதுவும் இல்லை. குற்றம் இல்லாததால் ஜாமீன் இல்லை. அவளைப் பாதுகாப்பாக வைத்திருக்கிறார்கள். பெற்றோரோ, கார்டியனோ, கணவனோ வந்து பொறுப்பேற்றால் விடுவார்கள், இல்லாவிட்டால் வருஷக்கணக்கிலும் வைத்திருக்கலாம்.

"அவளுக்கு வயசு முப்பது தாண்டிருச்சுங்களே" என்றாள் மருதாயி.

விருப்பப்பட்டு இந்தத் தொழிலில் இருக்கும் வயது வந்த பெண்களைப் பிடிக்கக் கூடாது, தொந்தரவு செய்யக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது என்றார் கீர்த்தனா. அப்புறம் ஏன் பிடித்தார்கள் என்று மருதாயி கேட்டாள். "தீர்ப்பு டெல்லியில வந்துச்சும்மா. இன்னும் மலை ஏறலை" என்றார்.

ஜாமீன் நிபந்தனைப்படி மருதாயி ரேகாவைப் பார்க்கக் கூடாது. சாட்சிகள் பக்கமும் போகக் கூடாது. கீர்த்தனா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வதுதான் சேதி. காப்பகத்தில் காலையில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிறார்கள். எஸ்டேட் பெரட்டு மாதிரிதான். ஆனால் பெரட்டு முடிந்தால் கொழுந்து எடுக்க மலைக்குப் போகலாம், இங்கே முடிந்ததும் உள்ளே போக வேண்டும். போனை வாங்கி வைத்துவிட்டார்கள். மறுவாழ்வுக்காகத் தையல் சொல்லித் தருகிறார்கள். மருதாயி எந்த மெஷினை விட்டுவிட்டு ஓடி வந்தாளோ அதே மெஷினில் ரேகாவை வளைந்த கையோடு உட்கார வைத்திருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் மருதாயி பெரிதாகக் கலங்கவில்லை. மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் கீர்த்தனா கொண்டுவந்த சேதிக்குத்தான் கலங்கினாள். வினோத் மிகவும் சிரமப்பட்டுத் தேடி, தேவாலாவில் சுரேஷைக் கண்டுபிடித்துவிட்டார். சுரேஷ் அழுதானாம். மனைவியை மன்னித்து ஏற்றுக்கொள்வதாகச் சொன்னானாம். அடுத்த விசாரணையில் ரேகாவைக் கணவனிடம் ஒப்படைத்து, குடும்பத்தைச் சேர்த்து வைப்பதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் ஒரு அதிகாரி தேவாலாவுக்குப் போய், கணவன் தகுந்த ஆள்தானா என்று விசாரித்து அறிக்கை கொடுப்பார்.

"கொன்னுருவாங்க அவன்" என்றாள் மருதாயி. அடித்ததைப் பார்த்தவர்கள் யாராவது அதிகாரியிடம் சொன்னால் உண்டு, நீயாகப் போய்ப் பேசினால் உன் ஜாமீன் ரத்தாகும், மறுபடி ஜெயில்தான் என்று கீர்த்தனா எச்சரித்தார். சரிங்க என்றாள் மருதாயி. மறுநாள் காலை தேவாலா பஸ்ஸில் ஏறினாள்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. சுரேஷ் கொழுந்து எடுக்கப் போயிருக்கும் நேரம் பார்த்து லயத்துக்குப் போனாள். அவன் காம்பிராவுக்கு அடுத்த காம்பிராவில் மகாலட்சுமி என்ற பெண் காய்ச்சலுக்கு லீவு போட்டுவிட்டுப் படுத்திருந்தாள். லயத்தில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் யாருக்குச் சளி என்று தெரிந்துவிடும். மகாலட்சுமிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எலும்பு முறிந்த சத்தம்கூடக் கேட்டதாம். ஆனால் புருஷன் பொண்டாட்டி விவகாரத்தில் தலையிட்டால் நாளைக்கு நமக்கு ஒன்று என்றால் யார் வருவார்கள் என்று இழுத்தாள்.

மருதாயி சுற்றிலும் பார்த்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல், வாயில் வந்த முதல் கேள்வியைக் கேட்டாள்.

"இந்தக் காம்பிரா யாரு பேர்ல?"

"என் பேர்லதான்" என்றாள் மகாலட்சுமி, படுத்தபடியே, யோசிக்காமல்.

"அவன் கான்ட்ராக்ட் ஆளு. அவனுக்கு இங்க பேரே இல்ல. உன் பேர்ல நீ இருக்க. உள்ளதைச் சொன்னா உன்னய யாரு வெளிய போடுவா?"

மகாலட்சுமி எழுந்து உட்கார்ந்தாள். இப்படி அவள் யோசித்துப் பார்த்ததில்லை. அதிகாரி எப்போது வருவார் என்று கேட்டுக்கொண்டாள். மருதாயி திரும்பி வரும்போது சேலை முழுக்க நனைந்திருந்தது. வழியில் ஒரு போலீஸ் ஜீப் கடந்தபோது குடையைச் சாய்த்துக்கொண்டாள்.

விசாரணை நாளில் மருதாயி கோர்ட் வராந்தாவின் கடைசியில் நின்றாள். கதவு திறந்திருந்ததால் குரல் கேட்டது. சுரேஷ் புதுச் சட்டை போட்டு வந்திருந்தான், வினோத் வாங்கிக் கொடுத்தது. இந்தி தெரிந்த ஒருவரை மொழிபெயர்க்கக் கூட்டி வந்திருந்தார்கள். மாஜிஸ்திரேட் அம்மா கேட்டதை அவர் இந்தியில் கேட்டார். ரேகா தமிழில் பதில் சொன்னாள். மொழிபெயர்க்க வந்தவர் அதையும் பழக்கத்தில் இந்தியில் சொல்லப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"கணவரோட போக விருப்பமா?" என்று மாஜிஸ்திரேட் நேராகவே கேட்டார்.

"போக மாட்டேங்கம்மா."

"பின்னே யார் பொறுப்புல போவே?"

வராந்தாவில் மருதாயி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் யார் பேர்லயும் இல்லீங்கம்மா. என் பேர்லதான் இருக்கேன்."

சொல்லிவிட்டு ரேகா இடது கையை நீட்டிக் காட்டினாளாம். மாஜிஸ்திரேட் கையைப் பார்த்தார், மகாலட்சுமி சொன்னது எழுதியிருந்த அறிக்கையைப் பார்த்தார், பிறகு சுரேஷைப் பார்த்தார். சுரேஷ் வினோத்தைப் பார்த்தான். வினோத் தன் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார். கீர்த்தனா எழுந்து சுப்ரீம் கோர்ட் தீர்ப்பைப் படித்தார். எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. வயது வந்தவள், விரும்பிய இடத்துக்குப் போகலாம் என்று உத்தரவானது.

விரும்பிய இடத்துக்குத்தான் சீல் வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் சின்னராஜையும் ஸ்டேஷனுக்கு நாலு தடவை அலைய விட்டிருந்தார்கள். அவர் சண்டை போடவில்லை. "எனக்கும் புள்ளகுட்டி இருக்குதுங்க அம்மிணி" என்று மட்டும் சொல்லி, சீல் வைப்பதற்கு முன்பே எடுத்து வைத்திருந்த ரொட்டிக் கல்லையும் கம்பளிகளையும் கொடுத்தார். மருதாயிக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. கோபம் யார் மேல் வர வேண்டும் என்று யோசித்தாள். கையில் கல் கனத்ததால் யோசனையை நிறுத்திவிட்டாள்.

கீர்த்தனா மறுபடி மனுப் போட்டு, ரேகாவைப் பார்க்கக் கூடாது என்ற ஜாமீன் நிபந்தனையை நீக்க வைத்தார். கோத்தகிரிக்குக் கீழே ஆயம்மாள் என்பவரிடம் ஒரு வீடு கிடைத்தது. ஒரு அறை, ஒரு அடுப்படி, பின்னால் கேரட் தோட்டம். ஆயம்மாள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"ஏனுங்க, ஊடு யாரு பேர்ல போடறது?"

மருதாயி வாயைத் திறந்தாள். பிறந்ததிலிருந்து தயாராக இருக்கும் பதில் தொண்டை வரை வந்தது. அங்கே நின்றுவிட்டது. யார் பேரைச் சொல்கிறோமோ அவள் குற்றவாளி, மற்றவள் அபலை. இவள் ஜெயிலுக்கு, அவள் காப்பகத்துக்கு. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கேள்விக்கு முன்னால் மருதாயி யோசித்துக்கொண்டு நின்றாள்.

"என் பேர்ல போடுங்க" என்றாள் ரேகா.

ஆயம்மாள் சாவியை ரேகா கையில் கொடுத்துவிட்டுப் போனார். அடுப்பைப் பற்ற வைத்ததும் மருதாயி பிடித்துக்கொண்டாள். அறிவு இருக்கிறதா உனக்கு, மறுபடி வந்தார்கள் என்றால் உன்னைத்தானே ஜெயிலில் போடுவார்கள் என்று கத்தினாள்.

ரேகா மாவில் தேங்காய்ப்பூவைக் கொட்டிப் பிசைந்துகொண்டிருந்தாள். வளைந்த கையால் பாத்திரத்தை அணைத்துப் பிடித்திருந்தாள்.

"போட்டா போடட்டும்க்கா. ஜெயிலுன்னா ஜாமீன் இருக்கு. காப்பாத்துனாத்தான் வெளிய வர முடியல."

மருதாயிக்கு அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. "அப்ப என்னயத்தானடி காப்பாத்திருவாங்க" என்றாள். தன்னை ஒப்படைக்க யாரைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். காளிமுத்துவா, பாண்டியனா?

"காப்பாத்தட்டும். நான் ஜாமீன்ல வந்து உன்னய எடுத்துக்கறேன்" என்றாள் ரேகா.

மருதாயிக்கு அழுகை வந்தது. வெங்காயம் இன்னும் நறுக்க ஆரம்பிக்கவில்லை, அதனால் மறைக்கவும் வழியில்லை. கல் காய்ந்துவிட்டது, முதல் ரொட்டியைத் தட்டிப் போடு என்றாள்.